வாசகர் கேள்வி, அக்கா பதில்: சுருட்டை முடியும் வெந்நீர்த் துண்டும்

சென்ற இதழில், இறுக்கிப் பின்னுவதால் நெற்றியோரம் முடி உதிர்வதைப் பற்றி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் வேறொன்றைக் கேட்கின்றன: பார்லருக்குப் போகாமல் வீட்டிலேயே சூடு காட்டி டீப் கண்டிஷனிங், அதாவது கண்டிஷனரை முடிக்குள் இறங்கவைப்பது, செய்வது எப்படி? தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்துச் சாட்ஸ்வொர்த்தில் 1991 முதல் 2022 வரை பார்லர் நடத்தியவள் நான். இந்த வேலைக்காக வந்தவர்களிடம் காசு வாங்கும்போதெல்லாம், இதை இவர்கள் வீட்டிலேயே செய்துகொள்ளலாமே என்று மனசுக்குள் ஓடும். ஆகவே இந்த இதழ் முழுக்க அதுதான்.

அக்கா, என் மகளுக்கு 13 வயது. அவள் அப்பா ஜூலு இனத்தவர். அவளுக்கு அப்பா வீட்டு முடி, ஸ்பிரிங் போலச் சுருண்டிருக்கும். எனக்கோ கோரை முடி. சனிக்கிழமை தலைக்கு ஊற்றிவிட்டுச் சிக்கெடுக்க உட்கார்ந்தால் இரண்டு பேருமே அழுகிறோம். விலை கூடின கண்டிஷனர் போட்டும் முடி வைக்கோலாகவே இருக்கிறது. சூடு காட்டினால் இளகும் என்கிறார்கள். முடி கருகிவிடாதா?
*— ஒரு வாசகி, ஃபீனிக்ஸ்*

தங்கச்சி, முதலில் மகளிடம் ஒன்று சொல்லிவிடுங்கள்: அவள் முடியில் எந்தக் குறையும் இல்லை. சுருட்டை முடி பிறவியிலேயே கொஞ்சம் வறண்டதுதான். தலைத்தோலில் ஊறும் எண்ணெய், உங்களுடையது போன்ற கோரை முடியில் வழுக்கிக்கொண்டு நுனிவரை போய்விடும். அவள் முடியில் அது ஒவ்வொரு வளைவாகச் சுற்றி இறங்கவேண்டும். பாதி வழியிலேயே நின்றுவிடுகிறது. அடிமுடி மெத்தென்றும் நுனி வைக்கோலாகவும் இருப்பது அதனால்தான்.

கண்டிஷனர் பலிக்காததற்கு வருகிறேன். அடுத்த முறை தலையை நனைக்கும்போது உற்றுப் பாருங்கள். மதும்பிக் கிழங்கு (சேப்பங்கிழங்கு) இலையில் நிற்கிற மாதிரி, தண்ணீர் முடியின்மேல் முத்து முத்தாக நின்று உருள்கிறதா? முழுக்க நனைய இரண்டு மூன்று நிமிடம் பிடிக்கிறதா? ஒவ்வொரு முடியின்மேலும் ஓடு வேய்ந்த மாதிரி செதில்கள் உண்டு. சிலருக்கு அந்த ஓடுகள் இடைவெளி இல்லாமல் படிந்திருக்கும். அப்படிப்பட்ட முடியில் கண்டிஷனர் மேலேயே இருந்துவிட்டு, அலசும்போது தண்ணீரோடு போய்விடும். எவ்வளவு விலை கொடுத்தாலும் அதே கதைதான். சூடு கைகொடுப்பது இங்கேதான். வெதுவெதுப்பில் கெட்டி கிரீம் இளகிப் பரவுகிறது. ஈரமுடி கொஞ்சம் உப்பி இடம் கொடுக்கிறது. உள்ளே போகவேண்டியது போகிறது.

கருகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியை நேராக்கும் அயர்ன் 200 பாகை செல்சியஸைத் தாண்டியும் போகும். நாம் பேசுவது 40, 45 பாகை. குழந்தையைக் குளிப்பாட்டும் தண்ணீரைவிட ஒரு படி கூட, அவ்வளவுதான். இதில் முடி கருகாது. தோலுக்குத்தான் கவனம் வேண்டும், அதையும் சொல்கிறேன்.

ஷாம்பு போட்டு அலசியதும், தண்ணீர் சொட்டச் சொட்டக் கண்டிஷனரைப் பூசாதீர்கள். பூசியது நீர்த்துப்போகும். பழைய பருத்திப் பனியன் ஒன்றால் ஒற்றி எடுங்கள், தேய்க்கவேண்டாம். தலையை நான்கு பாத்தியாக வகிடெடுத்து, மூன்றைக் கிளிப் போட்டு ஒதுக்கிவிட்டு, ஒன்றை மட்டும் கையில் எடுங்கள். தோள்வரை அடர்ந்த முடி என்றால் மொத்தமாக அரை டீ கப் கண்டிஷனர் பிடிக்கும். நுனிக்கு முதலில், நடுமுடிக்கு அடுத்தது. தலைத்தோலுக்கு வேண்டாம்.

இப்போது சிக்கு. விரலால் பெரிய முடிச்சுகளைப் பிரித்துவிட்டு, பல் அகன்ற சீப்பை எடுங்கள். நுனியிலிருந்து இரண்டு அங்குலம் மட்டும் வாருங்கள். அது சீரானதும் இன்னும் இரண்டு அங்குலம் மேலே ஏறுங்கள். வாரும் இடத்துக்குச் சற்று மேலே முடியை இடது கையால் இறுகப் பிடித்துக்கொண்டால் இழுப்பு தலைத்தோலுக்குப் போகாது, பிள்ளை அழமாட்டாள். அப்புறம், சீப்புச் சத்தத்தைக் கேளுங்கள். என்னிடம் வேலைக்குச் சேர்ந்த பெண்களுக்கெல்லாம் நான் முதலில் கற்றுக்கொடுத்தது இதுதான். நரநரவென்று கேட்டால் முடி அறுகிறது என்று அர்த்தம். நிறுத்திவிட்டு இன்னும் கொஞ்சம் கிரீம், இன்னும் கொஞ்சம் தண்ணீர் தொட்டுக்கொள்ளுங்கள். சத்தமே இல்லாமல் சீப்பு நழுவி வெளியே வந்தால் அந்தப் பாத்தி முடிந்தது. அதைத் தளர்வாக முறுக்கிக் கிளிப் போட்டுவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

நான்கும் முடிந்ததும் ஷவர் கேப். அதன்மேல் வெந்நீர்த் துண்டு. நம்மில் பலர் கீசரை 60 பாகையில் வைத்திருக்கிறோம். அந்தத் தண்ணீர் நேராகப் பட்டால் சில நொடியில் தோல் வெந்துவிடும். வாளியில் பச்சைத்தண்ணீர் கலந்து, உங்கள் கை தாங்கும் சூட்டுக்குக் கொண்டுவாருங்கள். துண்டை நனைத்து, நன்றாக முறுக்கிப் பிழிந்து, உங்கள் மணிக்கட்டின் உட்புறம் வைத்துப் பத்து எண்ணுங்கள். பிறகு மகளின் மணிக்கட்டில். அவள் சரி என்ற பிறகே தலைக்கு. துண்டு நழுவாமல் இருக்க மேலே ஒரு டூக், அதாவது தலைத்துணி, கட்டிவிடுங்கள். அவளுடைய கோகோவிடம், அதாவது அப்பா வீட்டுப் பாட்டியிடம், நல்ல டூக் இருக்கும். துணியோடு கட்டும் முறையையும் கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள். அந்த வீட்டில் இந்த முடியை எத்தனையோ தலைமுறையாகப் பராமரித்திருக்கிறார்கள். உங்களைவிட, என்னைவிட அவர்களுக்குத் தெரியும்.

ஈரத்துண்டு ஐந்தாறு நிமிடத்தில் ஆறிவிடும். இரண்டு மூன்று தடவை மாற்றினால் இருபது நிமிடம் ஆகிவிடும். அது போதும். பிறகு கேப்பைக் கழற்றாமல் கொஞ்ச நேரம் ஆறவிட்டு, வெதுவெதுப்பான தண்ணீரில் அலசுங்கள். ஐஸ் தண்ணீரில் அலசினால்தான் செதில் மூடும் என்று நானே பல வருடம் வந்தவர்களுக்கெல்லாம் சொல்லியிருக்கிறேன். அது சரியில்லை. செதிலைப் படியவைப்பது கண்டிஷனரில் உள்ள லேசான புளிப்புத் தன்மை. ஜூலை மாதக் குளிரில் பிள்ளையை நடுங்கவைக்க வேண்டியதில்லை.

கடையில் வாங்கும்போது விலையைப் பார்க்காமல் பாட்டிலின் பின்பக்கத்தைப் பாருங்கள். பெஹென்ட்ரிமோனியம், செட்ரிமோனியம் என்று தொடங்கும் பெயர்கள் முதல் ஐந்தாறு பொருட்களுக்குள் இருந்தால் நல்லது. அவை நேர்மின் தன்மை உள்ளவை. முடியோ எதிர்மின் தன்மை உள்ளது; அடிபட்ட நுனியில் அது இன்னும் கூடுதல். அதனால் மருந்து தானாகவே நோய் இருக்கும் இடத்தில் போய் ஒட்டிக்கொள்கிறது. சீட்டைல் ஆல்கஹால் என்று எழுதியிருந்தால் பயப்படவேண்டாம். அது முடியை உலர்த்தும் ஆல்கஹால் அல்ல, மெழுகு மாதிரியான கொழுப்பு.

கண்டிஷனர் பூசிய ஈரமுடியை அப்படியே அயர்ன் வைத்து இழுத்தால் சீக்கிரம் உள்ளே இறங்குமாமே?
*— ஒரு வாசகி, வெருலம்*

வேண்டவே வேண்டாம். அந்தச் சூட்டில் முடிக்குள் இருக்கும் தண்ணீர் கொதித்து ஆவியாகும். வெளியேற வழியில்லாமல் முடித்தண்டின் உள்ளேயே குமிழ் குமிழாக விட்டுவிடும். பின்னால் அந்த முடி குமிழ் விட்ட இடத்தில் ஒடியும். கையில் எடுத்துப் பார்த்தால் நுனி சொரசொரவென்று மணல் ஒட்டியது போல இருக்கும். அதை எந்த கண்டிஷனரும் ஒட்டவைக்காது, வெட்டித்தான் ஆகவேண்டும்.

புரட்டாசி முழுக்க எங்கள் வீட்டில் முட்டை சேர்ப்பதில்லை. மற்ற மாதங்களில் முட்டையும் தயிரும் கலந்து பூசி, வெந்நீர்த் துண்டு கட்டுவேன். புரட்டாசியில் அதற்குப் பதிலாக என்ன பூசலாம்?
*— ஒரு வாசகி, ஸ்டாங்கர்*

புரட்டாசி மட்டுமல்ல, பன்னிரண்டு மாதமும் முட்டையை விட்டுவிடுங்கள் அம்மா. காரணத்தைச் சொல்கிறேன்.

நான் பார்லர் திறந்த இரண்டாவது வருடம். கல்யாணத்துக்கு நான்கு நாள் இருக்கும்போது ஒரு பெண் வந்தாள். இடுப்புவரை தொங்கும் சுருட்டை முடி. இரண்டு முட்டையை ஆலிவ் எண்ணெயோடு அடித்துப் பூசி, சூடான துண்டைச் சுற்றி, அது போதாதென்று தலைக்குமேல் கவிழும் ஹூட் டிரையருக்குக் கீழே உட்காரவைத்தேன். அலசியதும் நல்ல சூட்டுத் தண்ணீரில். முட்டை முடியிலேயே வெந்துவிட்டது. வெள்ளைத் துணுக்குகள் ஒவ்வொரு சுருளுக்குள்ளும் மாட்டிக்கொண்டன. பேன் சீப்பை எடுத்துக்கொண்டு நானும் என் உதவிப் பெண்ணும் கடை அடைக்கும் நேரம் தாண்டியும் நின்றோம். அந்தப் பெண் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. கழுத்து வலிக்க வலிக்கக் குனிந்தபடியே இருந்தாள். வேலை முடிந்து தரையைப் பெருக்கும்போது, அவள் முடியில் எவ்வளவு உதிர்ந்து கிடக்கிறது என்று பார்த்தேன். கல்யாண வாரத்தில் ஒரு பெண்ணுக்கு நான் அதைச் செய்துவிட்டேன். இன்றுவரை அது மனசில் உறுத்துகிறது.

அன்றிலிருந்து முட்டையைத் தொடவில்லை. பிறகு படித்துத் தெரிந்துகொண்டது, முட்டையின் புரதம் முடிக்குள் நுழைய முடியாத அளவு பெரியது என்பது. கடைக் கண்டிஷனர்களில் ஹைட்ரோலைஸ்டு புரோட்டீன் என்று போட்டிருப்பார்களே, அது துண்டு துண்டாக உடைக்கப்பட்ட புரதம். அதுதான் முடியில் தங்கும்.

புரட்டாசிக்கு வெந்தயம் போதும். மூன்று மேசைக்கரண்டி வெந்தயத்தை இரவே ஊறவைத்து, காலையில் மைய அரைத்து, மஸ்லின் துணியில் வடிகட்டுங்கள். வடிகட்டாமல் போட்டால் பொடித்துணுக்கு ஒரு வாரம் தலையில் இருக்கும். வடிந்து வரும் கொழகொழப்பை உங்கள் வழக்கமான கண்டிஷனரில் கலந்து பூசி, வெந்நீர்த் துண்டு கட்டுங்கள். வாசலில் செம்பருத்தி இருந்தால் அதன் இலையையும் சேர்த்து அரைக்கலாம். இந்தக் கொழகொழப்பு முடியின் மேலேதான் வேலை செய்யும், உள்ளே போகாது. ஆனால் சீப்பு வழுக்கிக்கொண்டு போகும். சுருட்டை முடிக்கு அதுவே பெரிய உபகாரம்.

இங்கே ஜூன், ஜூலையில் தேங்காய் எண்ணெய் கல்லாக உறைந்துவிடுகிறது. அடுப்பில் நேராகக் காய்ச்சித் தலைக்கு வைத்தால் சத்து போய்விடுமா? எண்ணெயைச் சூடாக்கி வைத்துவிட்டால் கண்டிஷனர் தேவையில்லையா?
*— ஒரு வாசகி, லெனேசியா*

தேங்காய் எண்ணெய் ஏறக்குறைய 24 பாகையில் இளகுவது. உங்கள் ஊர்க் குளிரில் உறையத்தான் செய்யும். காய்ச்ச வேண்டிய அவசியமே இல்லை. அடுப்பில் வைத்தால் எவ்வளவு சூடு என்று தெரியாமல் தலையில் ஊற்றிக்கொள்வோம், ஆபத்து அதில்தான்.

எங்கள் ஆயாவிடம் நீல விளிம்பு போட்ட எனாமல் குவளை ஒன்று இருந்தது. நிறவெறி அரசு கேட்டோ மேனரிலிருந்து எங்களைக் கிளப்பி சாட்ஸ்வொர்த்துக்கு அனுப்பியபோது, மூட்டையில் வந்த சாமான்களில் அதுவும் ஒன்று. அடியில் எனாமல் பெயர்ந்து கறுப்பாக ஒரு வட்டம் இருக்கும். சனிக்கிழமை காலையில் அதில் எண்ணெய் ஊற்றி, கஞ்சி வடிக்கும் சட்டியில் வெந்நீர் விட்டு, நடுவில் குவளையை நிறுத்துவார். வெள்ளையாக இருந்த எண்ணெய் ஓரத்திலிருந்து கண்ணாடியாகிக்கொண்டே வரும். நடுவில் கடைசியாக ஒரு வெள்ளைப் பொட்டு மிச்சம் இருக்கும்போதே வெளியே எடுத்துவிடுவார். மிச்சம் இருக்கும் சூட்டிலேயே அது கரைந்துவிடும். புறங்கையில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்துவிட்டுத்தான் என் தலைக்கு. அதைவிட நல்ல முறையை எனக்கு யாரும் இன்றுவரை சொல்லிக்கொடுக்கவில்லை.

தேங்காய் எண்ணெயைப் பற்றி 2003-இல் ஒரு ஆய்வு வெளிவந்தது. தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், மினரல் ஆயில் மூன்றையும் ஒப்பிட்டுப் பார்த்ததில், தலைக்கு ஊற்றும்போது முடியிலிருந்து புரதம் கரைந்து போவதைக் குறிப்பிடத்தக்க அளவு குறைத்தது தேங்காய் எண்ணெய் ஒன்றுதான். செய்தவர்கள் தேங்காய் எண்ணெய் விற்கும் இந்திய நிறுவனத்தின் ஆய்வாளர்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனாலும் காரணம் சரியானது. அதில் அதிகம் உள்ள லாரிக் அமிலத்தின் மூலக்கூறு சின்னது, நேரானது, முடிக்குள் இறங்குகிறது. ஆகவே தலைக்குக் குளிப்பதற்கு முன்னால் எண்ணெய் வைக்கவேண்டும். ஒரு மணி நேரம் முன்பு வைத்தாலும் போதும்.

கண்டிஷனர் வேலை ஷாம்புவுக்குப் பின்னால். ஒன்று இருந்தால் மற்றது வேண்டாம் என்று ஆகாது. அதுவும் உங்கள் மேட்டுநிலத்துக் குளிர்காலக் காற்றில் ஈரம் என்பதே கிடையாது. டர்பனில் ஜனவரியில் எங்கள் முடி காற்றில் உள்ள ஈரத்தைக் குடித்து உப்பிக்கொண்டு நிற்கும். உங்களுக்கு நேர்மாறு. அதனால் கிளிசரின் முதல் வரியில் இருக்கும் கிரீம்களைக் குளிர்காலத்தில் பூசிவிட்டு அப்படியே விடாதீர்கள். காற்றில் ஈரம் கிடைக்காவிட்டால் அது முடியில் உள்ள ஈரத்தை இழுக்கும்.

என் மாமியார் வாராவாரம் சூடான எண்ணெயை உச்சந்தலையில் தேய்த்து, வெந்நீர்த் துண்டு கட்டச் சொல்கிறார். எனக்குப் பொடுகு அதிகம். தேய்க்கத் தேய்க்கக் கூடுகிறது. சொன்னால், வறட்சியால்தான் பொடுகு, இன்னும் வை என்கிறார்.
*— ஒரு வாசகி, பீட்டர்மாரிட்ஸ்பர்க்*

உங்கள் மாமியார் அன்பினால் செய்கிறார். ஆனால் இந்த ஒரு விஷயத்தில் நீங்கள் சொல்வதுதான் சரி. பெரும்பாலான பொடுகுக்குக் காரணம் மலசீசியா என்ற பூஞ்சை. அது எல்லார் தலையிலும் உண்டு. எண்ணெய்தான் அதன் சாப்பாடு. எண்ணெயும் ஊற்றி, வெந்நீர்த் துண்டும் கட்டினால் அதற்கு விருந்து வைத்த மாதிரி. கீட்டோகோனசோல் அல்லது செலினியம் சல்ஃபைடு உள்ள ஷாம்புவை மருந்துக்கடையில் வாங்கி, தலைத்தோலில் தேய்த்து ஐந்து நிமிடம் விட்டு அலசுங்கள். அந்த ஷாம்பு நுனியை வறட்டும். ஆகவே காதுக்குக் கீழே உள்ள முடிக்கு மட்டும் கண்டிஷனரும் துண்டும். ஒரு மாதம் கழித்தும் குறையாவிட்டால், அல்லது சிவந்து நீர் கசிந்தால், தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

மாமியாரின் மனசும் நோகக்கூடாது அல்லவா? எண்ணெயை உச்சியில் வைக்காமல், நுனி முடிக்கு அவரையே தடவிவிடச் சொல்லுங்கள்.

2023-இல் லோட்ஷெடிங் (முறைவைத்துக் கரண்டை நிறுத்துவது) நாள்தோறும் இருந்தபோது என் ஹூட் டிரையர் மூலையில் கிடந்தது. இப்போதும் கரண்ட் கட்டணத்தை நினைத்தால் எடுக்க மனம் வரவில்லை. அது இல்லாமல் முடியாதா? துண்டை மைக்ரோவேவில் சூடாக்கலாமா?
*— ஒரு வாசகி, டோங்காட்*

தாராளமாக முடியும். உங்கள் தலையே ஒரு அடுப்புதான். கண்டிஷனர் பூசி, ஷவர் கேப் போட்டு, அதன்மேல் காய்ந்த கம்பளித் தொப்பி ஒன்றை மாட்டிக்கொண்டு வீட்டுவேலையைப் பாருங்கள். நாற்பது நிமிடத்தில் கேப்புக்குள் தொட்டுப்பார்த்தால் வியர்த்து வெதுவெதுவென்று இருக்கும். ஒரு பைசா செலவில்லை. நேரம்தான் இரண்டு மடங்கு.

மைக்ரோவேவில் வைக்கலாம். ஆனால் பிழிந்த ஈரத்துண்டாக இருக்கவேண்டும், காய்ந்தது தீப்பிடிக்கும். ஒரு நிமிடத்துக்கு மேல் வேண்டாம். எடுத்தவுடன் தலைக்குக் கொண்டுபோகாதீர்கள். மைக்ரோவேவ் ஒரே சீராகச் சூடாக்காது. வெளியே மிதமாக இருக்கும், மடிப்புக்குள் கொதிக்கும். துண்டை விரித்து நன்றாக உதறுங்கள். உதறும்போது முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள், உள்ளே இருந்து வரும் ஆவி சுடும். ஆளிவிதை அடைத்த சூடேற்றும் தொப்பிகள் விற்கிறார்கள். அதற்கும் இதே எச்சரிக்கை.

2022 ஏப்ரல் வெள்ளத்தில் உங்கள் ஊர் தண்ணீர் நிலையம் சிதைந்து, மாதக்கணக்கில் லாரித் தண்ணீருக்கு வரிசையில் நின்றீர்கள். அந்த நாட்களில் உங்கள் பக்கத்திலிருந்து என்னிடம் வந்துகொண்டிருந்த ஒருவர், ஒரே வாளியில் தலைக்கு ஊற்றி, கண்டிஷனர் போட்டு, அலசியும் முடித்துக் காட்டினார். கண்டிஷனரைக் கொஞ்சமாகப் போட்டு, தலையைக் கவிழ்த்து, சொம்பு சொம்பாக ஊற்றி அலசுவார். அவரைப் பார்த்த பிறகு, இன்ன மெஷின் இருந்தால்தான் ஆகும் என்று நான் யாரிடமும் சொல்வதில்லை.

மாதத்தில் எத்தனை தடவை செய்யலாம்? எனக்குச் சாயம் பூசிய முடி.
*— ஒரு வாசகி, இசிபிங்கோ*

சாயம் பூசாத முடிக்கு இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை. சாயம் பூசியதற்குக் கண்டிஷனர் வாராவாரம் போடலாம், சூடு மட்டும் மாதம் ஒருமுறை போதும். சாயம் ஏற்கனவே செதிலைக் கிளப்பிவிட்டிருக்கும். உங்கள் முடி சூடு இல்லாமலே குடிக்கும். ஈரமுடி ஒன்றை இழுத்துப் பாருங்கள். சூயிங்கம் போல நீண்டுகொண்டே போய், திரும்பாமல் அறுந்தால், ஊறவைத்தது போதும், புரதம் உள்ள கண்டிஷனருக்கு மாறுங்கள்.

எனக்கு 64 வயது. சின்ன வயதில் என் சுருட்டை முடியைப் பார்த்து, உன் தலை யாரைக் கொண்டு வந்தது என்று சொந்தக்காரர்களே கேட்பார்கள். அம்மா அடுப்பில் இரும்புச் சீப்பைச் சூடாக்கி வாரிவிடுவார். காதோரம் சுட்ட தழும்பு இன்னும் இருக்கிறது. 17 வயதிலிருந்து ரிலாக்சர், முடியை நேராக்கும் ரசாயன கிரீம். இப்போது என் பேத்தி, பத்து வயது, தன் சுருட்டை முடியை விரித்துவிட்டுக்கொண்டு பள்ளிக்குப் போகிறாள். பார்க்கப் பார்க்க ஆசையாக இருக்கிறது. சூடு காட்டிக் கண்டிஷனிங் செய்தால் என் பழைய சுருட்டை திரும்பி வருமா? விரல்கள் மடங்குவதில்லை, மூட்டுவலி.
*— ஒரு வாசகி, சாட்ஸ்வொர்த்*

அக்கா, உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். அந்தத் தழும்பு என் காதோரமும் உண்டு.

இந்த நாட்டில் முடிக்குள் பென்சிலைச் செருகி, அது விழுகிறதா நிற்கிறதா என்று பார்த்து மனிதர்களுக்கு இனம் குறித்தார்கள். அப்படி இனம் பிரிக்க 1950-இல் வந்த மக்கள்பதிவுச் சட்டம் 1991-இல்தான் போனது. 2016-இல்கூடப் பிரிட்டோரியாவில் ஒரு பெண்கள் பள்ளி மாணவிகள், தங்கள் முடியை இருக்கிறபடி விடவேண்டும் என்று போராடவேண்டி வந்தது. உங்கள் அம்மா சீப்பைச் சூடாக்கியது உங்களை அந்தப் பார்வையிலிருந்து காப்பாற்றத்தான். நம் சொந்தக்காரர்கள் கேட்ட கேள்விதான் எனக்கு இன்னும் வலிக்கிறது. வெளியில் இருந்தவர்கள் நம்மை அளந்த அதே கோலால், வீட்டுக்குள் நம் பெண்பிள்ளைகளை நாமே அளந்தோம்.

உங்கள் கேள்விக்கு நேரான பதில்: ரிலாக்சர் பட்ட முடி திரும்பச் சுருளாது. அது முடியின் உள்கட்டுகளையே உடைத்து மாற்றிவிட்டது. எந்தச் சூடும் எந்த கிரீமும் அதைத் திருப்பாது; திருப்பும் என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள். ஆனால் வேரிலிருந்து புதிதாக வருவது உங்கள் சொந்த முடிதான். மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் கூட வளரும். வயதினால் முன்பைவிட மெல்லியதாக இருக்கலாம், சுருள் கொஞ்சம் மாறியும் இருக்கலாம்.

இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, ரிலாக்சரை நிறுத்திவிட்டு, இரண்டு அங்குலம் வளர்ந்ததும் பழையதை முழுக்க வெட்டிவிடுவது. இன்னொன்று, கொஞ்சம் கொஞ்சமாக நுனியை வெட்டிக்கொண்டே வருவது. இரண்டாவதைத் தேர்ந்தால் ஒன்றைக் கவனிக்கவேண்டும். புதுமுடியும் பழைய முடியும் சேரும் இடம்தான் மிகவும் பலவீனமானது, சீப்பு பட்டால் அங்கேதான் அறும். வெந்நீர்த் துண்டின் உதவி உங்களுக்கு அங்கேதான். மேலே ஃபீனிக்ஸ் வாசகிக்குச் சொன்ன முறையையே செய்யுங்கள், கிரீமை அந்த இணைப்பில் தாராளமாக வையுங்கள், சீப்பைவிட விரல் நல்லது.

உங்கள் விரல் மடங்காவிட்டால் பேத்தியின் விரல் இருக்கிறதே. வெந்நீர் வாளிப் பக்கம் மட்டும் அவளை விடாதீர்கள், துண்டை நனைத்துப் பிழிவதை வீட்டில் பெரியவர் யாராவது செய்யட்டும். கிரீம் தடவுவதும் கிளிப் போடுவதும் டூக் கட்டுவதும் அவள் செய்யட்டும். அவள் தலைக்குச் செய்கிற அன்றைக்கே உங்களுக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்று மாதத்தில் வேர்ப்பக்கம் இரண்டு விரற்கடை அளவுக்குப் புதுச்சுருள் தெரியும். அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, எப்படி இருக்கிறது என்று எனக்கு எழுதுங்கள்.